ரெண்டும் பொட்டைதான்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இறங்கி ‘முயல் அக்கா வீடு’ என்று கேட்டால் கறிகாய்க்காரர்கூட வழி சொல்வார். சாமுண்டீஸ்வரி வீடு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் லோகநாதன் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் அங்கே வயல் இருந்தது. இப்போது அதே மண்ணில் ஆறு வாடகை வீடுகளும் ஒரு பெயின்ட் கடையும் நிற்கின்றன. மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகை சாமுண்டீஸ்வரியுடையது. பன்னிரண்டு வருஷமாக அதில் முயல் வளர்த்துக் குட்டிகளை விற்கிறாள்.

விற்கிறாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ‘கொடுக்கிறேன்’ என்பாள். காசு வாங்கிக்கொண்டுதான் கொடுப்பாள், அது வேறு விஷயம். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். கூண்டை யார் கழுவுவது? சித்திரை வெயிலில் எங்கே வைப்பீர்கள்? வெறும் கேரட்டைப் போட்டு வளர்க்கலாம் என்று எந்த மகராசன் சொன்னது? இந்த விசாரணையில் தோற்றுப்போய், பிறந்தநாள் பரிசு வாங்க வந்த எத்தனையோ பேர் படியோடு திரும்பியிருக்கிறார்கள். நம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட நீ இவ்வளவு கேட்கவில்லையே என்று லோகநாதன் கிண்டல் செய்வார். கடைசியில் குட்டியைக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொல்வாள்: வளர்க்க முடியவில்லை என்றால் வேறு எங்கும் தள்ளிவிடாதீர்கள், என்னிடமே கொண்டுவந்து விடுங்கள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கொண்டுவந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு வாரம் முடியாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டாள். அதற்கு முன்னால் பிரித்தால் குட்டிக்கு வயிறு கெடும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரியும். இந்தச் சட்டத்தை அவள் ஒரே ஒரு முறைதான் மீறினாள். போன ஆனி மாதக் கடைசியில் பெருங்களத்தூரிலிருந்து உதயாவும் அவன் மனைவி கீதாவும் ஒன்பது வயது மகள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பெண் குட்டிகள் வேண்டும், குட்டி போட்டுப் பெருகக் கூடாது என்று தெளிவாகவே கேட்டார்கள். ஆனால் குட்டிகளுக்கு அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

“ஆடி பொறந்துட்டா எங்க மாமியார் புதுசா எதையும் வீட்டுக்குள்ள விடமாட்டாங்கக்கா. ஆவணி வரைக்கும் இவ தாங்க மாட்டா” என்றாள் கீதா.

சாமுண்டீஸ்வரியும் ஆடியில் ஒரு கரண்டிகூட வாங்காதவள்தான். அந்தக் கஷ்டம் அவளுக்குப் புரிந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மல்லாத்தி, மயிரை ஊதிவிட்டுப் பார்த்தாள். இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருந்த குட்டி பெண்தான், நிச்சயம். முழு வெள்ளையாக இருந்த இன்னொன்றைப் பார்த்தபோது ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவாள் என்று பெயர் எடுத்தவள் எப்படி இழுப்பாள்?

“ரெண்டும் பொட்டைதான்” என்றாள்.

ஓவியா அங்கேயே கறுப்புக் கண்ணுக்கு மல்லி, வெள்ளைக்குச் சீனி என்று பெயர் வைத்தாள். அதோடு சாமுண்டீஸ்வரி அதை மறந்துபோனாள்.

போகி அன்று மத்தியானம் போனில் ஒரு செய்தி வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி அவளிடம் வந்திருந்தது. ‘முயல்கள் இலவசம். பெரியது இரண்டு, குட்டி ஆறு. நாலு மணிக்குள் எடுத்துக்கொள்ளவும். பெருங்களத்தூர்.’ கூடவே ஒரு போட்டோ. கண் மை ஈஷிய மாதிரி இருந்த அந்த இடது கண்ணை அவளுக்குத் தெரியாதா? மல்லியேதான். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மல்லியின் கழுத்துக்குக் கீழே மயிர் பிய்ந்து தோல் தெரிந்தது. குட்டி போடப்போகும் முயல்தான் தன் மயிரைத் தானே பிய்த்துப் படுக்கை போடும். முதல் ஈட்டுக் குட்டிகளுக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் அடுத்த ஈடு. இன்றோ நாளையோ.

மூன்றாவது தடவை அழைத்தபோதுதான் கீதா எடுத்தாள்.

“அக்கா, தப்பு எங்க மேலதான்” என்று எடுத்ததுமே ஆரம்பித்தாள். “நீங்க ரெண்டும் பொட்டைன்னு சொல்லித்தான் குடுத்தீங்க. ஓவியாதான் எங்களுக்குத் தெரியாம கீழ் ஃப்ளாட் ஆண் முயலோட வெளையாட விட்டிருக்கா. கேட்டா இல்லவே இல்லன்னு சாதிக்கிறா. அவங்கப்பா அடிச்சுக்கூடப் பாத்துட்டாரு.”

“முடியலன்னா என்கிட்ட கொண்டாங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“பயமா இருந்துச்சுக்கா. நீங்க திட்டுவீங்க.”

திட்டினாள். இத்தனை விசாரித்துக் கொடுத்தும் இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று இரண்டு நிமிஷம் விடாமல் திட்டினாள். தப்பு தன் மேல் இல்லை என்று தெரிந்ததும் வாய்க்கு எவ்வளவு பலம் வந்துவிடுகிறது! பிறகு, மல்லி குட்டி போடப்போகிறது, கூண்டை அசைக்காதீர்கள், நான் வருகிறேன் என்றாள்.

“அக்கா, நாங்க ஆறு மணிக்கு ஊருக்குக் கெளம்பறோம். வீடு பூட்டிடுவோம். நாலு மணிக்கு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. மோகன்ராஜ்னு பேரு. வண்டலூர் தாண்டித் தோட்டம் வெச்சிருக்காராம், அங்க ஜாலியா ஓடுமாம்.”

எட்டு முயலை ஒரே நேரத்தில் எதற்காக ஒருவன் எடுப்பான் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். அப்போது மணி மூன்று பத்து.

தாம்பரம் தாண்டுவதற்குள்ளேயே மூன்றரை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பாதி சென்னை ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் பஸ், அதற்கு முன்னால் கார், காரின் தலையில் கரும்புக் கட்டு. மூன்று ஐம்பதுக்கு வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடைகளோடு நடந்தாள். ஓடினாள் என்றே சொல்லலாம். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் அவளுக்கு வழி விடவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் இடிபட்டுக்கொண்டு போகும்போதுதான் அந்த வெள்ளைக் குட்டி நினைவுக்கு வந்தது. அந்த ஒரு மூச்சுத் தயக்கமும். சேச்சே, இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. குட்டிகள் ஆறும் அதற்குள் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரேயில் ஒடுங்கியிருந்தன. மல்லியின் கூண்டு தரையில் இருந்தது. மல்லி வாய் நிறைய மயிரை வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தது. லுங்கி கட்டிய ஓர் ஆள் சீனியைப் பிடறியில் பிடித்துத் தூக்கி வைத்திருந்தான். கீதாவும் உதயாவும் பெட்டிகளோடு பக்கத்தில் நின்றார்கள். ஓவியா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது.

“இன்னாக்கா, நீயா?” என்றான் மோகன்ராஜ், ரொம்ப நாள் பழகியவன் மாதிரி. “உன் மொயலு தரமா கீதுக்கா. இத்தோட நாலாவது வூடு.”

“எது நாலாவது?”

“உன்கிட்ட வாங்கினவங்க வூட்லேர்ந்து நான் எடுத்துகினு போறது. மாடம்பாக்கத்துல ஒண்ணு, அஸ்தினாபுரத்துல ரெண்டு. அவுங்கதான் உன்னப் பத்திச் சொன்னாங்கோ, போட்டோகூடக் காட்னாங்கோ. அக்காவாண்ட மட்டும் சொல்லிடாதப்பான்னாங்கோ.”

பன்னிரண்டு வருஷப் பெருமை அந்தப் பார்க்கிங்கிலேயே போய்விட்டது. அவளுடைய விசாரணை முயல்களைக் காப்பாற்றவில்லை. திரும்பி வரும் வழியைத்தான் அடைத்திருந்தது.

“கறிக்கா?” என்று கேட்டாள்.

“பின்ன, கொஞ்சறதுக்கா? கேட்டா மறைக்காம சொல்வேன். ஒருத்தரும் கேக்கறது இல்ல.”

கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியா எழுந்து நின்றுவிட்டாள். “இதுங்களை நான் எடுத்துக்கறேன். எட்டையும்” என்றாள் சாமுண்டீஸ்வரி.

மோகன்ராஜ் கையிலிருந்த சீனியை மல்லாத்திப் பார்த்தான். பார்த்துவிட்டு அவளை வண்டிக்குப் பின்புறம் வரும்படி தலையை ஆட்டினான். அவள் போனாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, இது ஆம்பளை.”

பார்க்கவே வேண்டாம், தெரிந்தது. ஏழு மாத முயலில் அது தெரியாமல் போகுமா?

“அவுங்களுக்குத் தெரில. அந்தப் பாப்பா மேல பழியப் போட்டுகினு கீறாங்கோ. நமக்கு எதுக்கு பேஜாரு? இத்த மட்டும் நான் எடுத்துகினு பூட்றேன். பொட்டையும் குட்டியும் உன்து. யாருக்கும் ஒண்ணியும் தெரியாது, உன் பேரும் கெடாது.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழில் செய்கிற ஒருத்தன் இன்னொருத்திக்குச் செய்கிற உதவியாகத்தான் சொன்னான். சாமுண்டீஸ்வரிக்கு ஒரு நொடி அது நல்ல வழியாகவே பட்டது, அதையும் மறைப்பானேன். சரி என்று தலையை ஆட்டினால் போதும். சேலையூரில் அவள் முயல் அக்காவாகவே இருக்கலாம். சீனியின் காதுகள் அவன் கையில் நடுங்கிக்கொண்டிருந்தன.

வண்டிக்கு அந்தப் பக்கம் உதயா மகளை அதட்டுவது கேட்டது. “எல்லாம் உன்னாலதான். இப்பவாவது உண்மையச் சொல்லு. கீழ கொண்டுபோனியா இல்லையா?”

“இல்லப்பா.”

“மறுபடியும் பொய்!”

சாமுண்டீஸ்வரி மோகன்ராஜ் கையிலிருந்து சீனியை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சிங்கம் மாதிரி பேசுகிறவள் என்று பெயர், குரல் எழும்பவே இல்லை.

“அவளைத் திட்டாதீங்க தம்பி. அவ பொய் சொல்லல. இது ஆண் முயல்.”

உதயாவுக்குப் புரியவில்லை. “நீங்கதான ரெண்டும்...”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அஞ்சு வாரத்துல அது சரியாத் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். கீழ் வீட்டுக்கு யாரும் கொண்டுபோகல. எல்லாம் இந்தக் கூண்டுக்குள்ளயே நடந்தது.”

உதயா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். அந்தக் கையால்தான் அடித்திருக்க வேண்டும். கீதா மகளை இழுத்து அணைக்கப் போனாள், ஓவியா விலகிக்கொண்டாள்.

மோகன்ராஜ்தான் முதலில் அசைந்தான். முணுமுணுத்துக்கொண்டே மல்லியின் கூண்டை மேல்துணி போட்டு மூடி, குலுங்காமல் தூக்கி வண்டியில் வைத்தான். “ஏறுக்கா. வண்டியிலியே குட்டி போட்டுறப் போவுது. மெதுவா ஓட்டிகினு போயி சேலையூர்ல வுட்டுட்டுப் போறேன்” என்றான். அவனுக்கு அன்றைக்கு வெறுங்கைதான்.

“அந்த மூணு வீட்டு அட்ரஸும் எனக்கு வேணும்” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“போயி இன்னா பண்ணுவ? அதுங்கதான் பூட்ச்சே.”

சீனியைக் கூடையில் விட்டு மூடினாள். மாடியில் இன்னும் நான்கு பெண் முயல்கள் இருந்தன. பொங்கல் லீவுக்குக் குட்டி கேட்டுப் பதினோரு பேர் சொல்லிவைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேருக்கும் என்ன சொல்வது என்று யோசித்தபோது, இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

டீக்கடையில் விட்ட ஸ்கூட்டியை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏறப் போனபோது ஓவியா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியலன்னா அன்னைக்கே தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?”

ஆயிரம் பேரைக் கேள்வி கேட்டவளை யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏதாவது சமாதானம் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

“சொல்லியிருந்தா நீங்க வாங்காம போயிருப்பீங்கம்மா” என்றாள்.