மணவறைக்கு நேர் எதிரே

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதக் காலையில், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடந்தது இது. அப்போது உசிலம்பட்டி கடைவீதியில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. எங்களுக்கு என்று பழக்கத்தில் சொல்கிறேன். முந்தின ஆவணியிலேயே என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் இருந்தவரை கல்யாணங்களுக்கு இரண்டு பேருமாகத்தான் போவோம். அவர் படம் எடுப்பார். நான் பக்கத்தில் நின்று, வெள்ளைக் குடை மாட்டிய இன்னொரு ஃபிளாஷைத் தூக்கிப் பிடிப்பேன். கிராமங்களில் சிவப்புத் துணியில் பந்தல் போடுவார்கள். அந்த நிழல் விழுந்தால் படத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். பக்கத்திலிருந்து இந்தக் குடை வெளிச்சமும் விழுந்தால்தான் முகம் முகமாக இருக்கும். "அவுங்க முகத்தை மட்டும் பாரு. நீ பாக்குற பக்கந்தான் வெளிச்சம் போகும்" என்பார். கூட்டத்தில் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்து அவரிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கேமராவும் எனக்குப் புதிதில்லை. ஆம்பளை முன்னால் உட்காரக் கூச்சப்படும் பெண்பிள்ளைகளை, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் படத்துக்காகக் கூட்டிவருவார்கள். அவர்களை எல்லாம் நான்தான் எடுப்பேன். அவர் போன பிறகு பாஸ்போர்ட் படங்களோடு கடை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கல்யாண வேலை இல்லாமல் வாடகை கொடுத்து, இரண்டு பெண்களைப் படிக்கவைக்க முடியாது. அந்த நேரத்தில்தான் பழைய வாடிக்கைக்காரத் தம்பி ஒருவர் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். "அண்ணன் இருந்தா அண்ணந்தான் எடுத்திருப்பாரு. நீங்க வாங்கக்கா" என்றார். நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். இது நல்லபடியாக முடிந்தால் அந்தப் பக்கம் நாலு பேர் கூப்பிடுவார்கள். ஒரு பேச்சு வந்துவிட்டால் அதோடு சரி.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பொண்ணு ஜோடித்துக்கொள்வதை எடுத்தேன், மேளக்காரர்களை எடுத்தேன், எல்லாம் சரியாகப் போனது. ஒன்றுதான் தொல்லை. பந்தலுக்குள் புதுமணல் பரப்பியிருந்தார்கள். குடை விளக்கை மாட்டும் ஸ்டாண்டை எங்கே நட்டாலும் மணலில் சாய்ந்தது. பிடிக்கவோ ஆள் இல்லை. நான்தான் எப்போதும் பிடிக்கிற ஆள்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குக் கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மணவறைக்கு நேர் எதிரே போய் நின்றேன். அங்கே நின்றால்தான் தாலி கட்டும்போது இரண்டு முகமும் கிடைக்கும். பின்னால் சலசலப்புக் கேட்டது. கடைவீதிப் பக்கத்து ஆள் யாரோ என்னை அடையாளம் கண்டு சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெளிர்நிறச் சேலையில், பொட்டில்லாமல் ஒரு அம்மா பந்தலின் ஓரத்துக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா.

"ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு தவறிட்டாருங்கிறாக. நெசமா?"

"ஆமாத்தா."

"பெத்தவ நானே தாலி அறுத்தவன்னு அடுப்படியோட நிக்கிறேன். நீ எந்த முறையில மணவறைக்கு நேரா நிக்கிற?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

அதற்குள் அவருடைய தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், வந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் பேச்சுத்தான். "தப்பா நெனைக்காத தங்கச்சி. நல்ல காரியம் பாரு. கேமராவை நம்ம ஆளுககிட்டக் குடுத்துட்டு உள்ள போயி உக்காரு. சாப்பிட்டுப் போகலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த 'சாப்பிட்டுப் போகலாம்'தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மணவறையில் மாப்பிள்ளை பாதி எழுந்து, "மாமா, நாந்தான் வரச் சொன்னேன்" என்றார். மாலையோடு எழுந்திரிக்கக் கூடாது என்று சொல்லி நாலு கை அவரைப் பிடித்து உட்காரவைத்தது.

கேமராவை மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் வாங்கிக்கொண்டார். என் கணவரின் கேமரா. அதை இன்னொரு கையில் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. என் பையை எடுக்க வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த அம்மாவை எதிரில் பார்த்தால் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

பார்த்தேன். கவிழ்த்து வைத்த ஒரு அண்டாவின் மேல் ஏறி, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எக்கி எக்கிப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். என்னைக் கண்டதும் அவசரமாக இறங்கி, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இங்க இருந்து ஒன்னும் தெரியாதுத்தா. நான் நின்ன எடத்துல இருந்து பாத்தா உங்க மகன் மூக்குல இருக்க வேர்வை வரைக்கும் தெரியும்" என்றேன். பாதி இரக்கம், பாதி வீம்பு. அவர் கொதிக்கிற சாம்பாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாய்மாமன் வேகமாக வந்தார். சிநேகிதருக்குக் கேமராவில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதாம், எதைத் திருகுவது என்று புரியவில்லையாம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. "தங்கச்சி, நீயே வந்து ஓரமா நின்னு எடுத்துக் குடுத்துரு" என்றார்.

"ஓரமா நின்னா காதுதான் விழும்ணே, முகம் விழாது" என்றேன். என் வாய் திரும்ப வந்துவிட்டது. "அந்தக் குடை லைட்டைப் பிடிக்கவும் ஒரு ஆள் வேணும்."

அவர் தன் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மா தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சேலையில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அதை யாரு வேணாலும் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம்த்தா."

"கொண்டா."

"அக்கா, என்னக்கா பண்ற? ஊரு என்ன பேசும்?" என்று தம்பி பதறினார்.

"நான் என்ன சடங்கு செய்யவா போறேன்? வேலைக்கு வந்த பிள்ளை ஆளு இல்லைங்குது. வேலை பாக்கப் போறேன். அடுப்படியில பாத்தா மட்டுந்தான் வேலையா? தள்ளு."

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டது. சிநேகிதரிடமிருந்து கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மணவறைக்கு நேர் எதிரே நின்று குடையை அவர் கையில் கொடுத்தேன். கையில் மஞ்சளும் வெங்காயமும் மணத்தது. "ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிங்க. உங்க மகன் முகத்தை மட்டும் பாருங்க. நீங்க பாக்குற பக்கந்தான் வெளிச்சம் போகும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

மாப்பிள்ளை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். எங்கள் இரண்டு பேராலும் போட முடியவில்லை, கையில் வேலை இருந்தது. அந்த அம்மாவுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயில் சொட்டியது. குடையைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்கும் கண் மறைத்தது. பழக்கத்தில் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு குடும்பப் படத்துக்கு மகன், "ஆத்தா, வந்து நில்லு" என்று கெஞ்சினார். "பந்தி போடணும், வேலை கெடக்கு" என்று சொல்லிக் குடையைத் தன் தம்பி கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

மதுரையில் கொடுத்துப் படங்களைக் கழுவி, ஆல்பம் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாலி கட்டும் படத்தை அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். மகனின் கன்னத்தில் வெளிச்சம் விழுந்த இடத்தில் விரலை வைத்து, "இது நான் பிடிச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பிடாமல் என்னைப் போகவிடவில்லை.

அந்தக் கிராமத்திலிருந்தே அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். வேறு ஊர்களில் சில இடங்களில் அதே கேள்வி வரும். வேலை பார்க்க வந்திருக்கிறேன், தள்ளுங்கள் என்பேன். தள்ளி வழி விட்டும் இருக்கிறார்கள், திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள். அந்தத் தாலி கட்டும் படத்தின் ஒரு பிரதி என் கடைச் சுவரில் இன்னும் இருக்கிறது. தைரியமான பொம்பளை என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அந்தப் பையனின் கன்னத்து வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னை இந்தத் தொழிலில் நிறுத்தியது என் தைரியம் இல்லை, முதலில் என்னைத் தடுத்த அதே கைதான் என்று தோன்றுகிறது.