மர்மக் காய்ச்சல் என்று எழுதவிடாத டாக்டர்

வாலாஜாபாத் நண்பர் போன வாரம் கைபேசியில் அழைத்தார். "எஸ்தர் டாக்டர் போய்ட்டாங்கப்பா," என்றார். தொண்ணூறுகளில் காஞ்சிபுரத்தில் செய்தி சேகரித்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அரசு மருத்துவமனையில் நிருபர்களை மதித்து உட்காரவைத்துப் பேசிய டாக்டர் அவர்.

அவர் வருமுன் மருத்துவமனைச் செய்தி என்றால் எதிர்த்த டீக்கடையில் காதில் விழுவதுதான். அதை வைத்து 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்புப் போடுவோம். வந்த முதல் வாரமே அவர் எங்களைக் கூப்பிட்டு அந்தப் பேப்பரை மேசையில் போட்டார். "மர்மம் என்னாப்பா மர்மம்? டைபாய்டு. உனுக்குத் தெரியலன்னா என்னைக் கேளு. நான் எதுக்கு உக்காந்துக்கினு இருக்கேன்?" அன்று முதல் காலையில் வார்டு சுற்றி முடித்ததும் எங்களுக்கென்று நேரம் ஒதுக்கினார். எந்தப் பகுதியில் என்ன நோய், எப்படிப் பரவுகிறது, எல்லாம் சொல்வார். நோயாளியின் பெயரை மட்டும் அவரிடம் கறக்க முடியாது. கேமராவோடு வார்டுக்குள் நுழையப் பார்த்த ஒருவரை வாசலிலேயே மறித்து, "நோவைக் கேளு, சொல்றேன். ஆளைக் கேக்காத," என்றார்.

ஒரு வைகாசியில், கருட சேவைக்குச் சில நாட்களே இருக்கையில், ஒரே தெருவிலிருந்து வாந்திபேதியோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தறியிலிருந்து அப்படியே தூக்கிவரப்பட்ட நெசவாளி ஒருவர் பிழைக்கவில்லை. குடிநீரில் சாக்கடை கலந்திருந்தது. வெளியூர்க் கூட்டமும் அதையே குடித்தால் என்ன ஆகும்? திருவிழா முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். டாக்டர் மறுநாள் காலையும் வழக்கம்போல எங்களைக் கூப்பிட்டார். காலரா, குழாய்த் தண்ணீர், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

அவருக்கு வம்பு வருமே என்று நான்தான் இழுத்தேன். "மேடம், 'மருத்துவ வட்டாரங்கள்'னு போட்டுக்கறோம்."

"வட்டாரம் சொன்னா எவன்பா தண்ணியக் காய்ச்சுவான்? எஸ்தர் சொன்னதுன்னு போடு."

போட்டோம். ஊரே காய்ச்சிக் குடித்தது. தண்ணீர்ப் பந்தல்காரர்கள் அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்தார்கள். திருவிழாக் கூட்டம் நல்லபடியாக ஊர் திரும்பியது. டாக்டருக்குத் தென்கோடியில் ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது.

வழியனுப்பப் பேருந்து நிலையம் போனோம். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அந்த ஊர்ல நிருபருங்க இருக்காங்களா, விசாரிச்சியாப்பா?" என்று கேட்டார்.

இன்றும் ஓர் அதிகாரி "என் பேரைப் போட்டுடாதீங்க" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. இந்த வயதுக்கு ஆகாத கோபம் என்கிறாள் என் மனைவி. எஸ்தர் டாக்டர் எனக்கு விட்டுப்போனது அதுதான். அதை ஆறவிடமாட்டேன்.