கேள்வித்தாளுக்குப் பின்னால் ஒரு வாய்

சந்திரகலாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தண்ணீர் கேன் வந்தாலும் மூடியைத் திருகிப் பார்த்துத்தான் வாங்குவாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலை என்று மஸ்கட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் அவளை வீட்டு வேலைக்குத் தள்ளிவிட்ட பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. அங்கே காதால் கேட்டுப் படிந்த அரபியில் பிறகு பட்டமும் வாங்கி, இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அரபி பேசக் கற்றுக்கொடுக்கிறாள். புத்தகமே கிடையாது. அவள் சொல்வாள், பிள்ளைகள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் அவள் அனுப்பும் ஆடியோவைக் கேட்டு, அதேபோல் பேசிப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும்.

ஆரம்பாக்கத்து ரகு இரும்பு ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவன். வகுப்பில் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன கொழுப்பு இவனுக்கு என்று கொதித்துப்போய்க் கடைசி பெஞ்சுக்குத் துரத்தினாள். அன்றிலிருந்து அவன் வாயில் கொழுக்கட்டைதான். ஆனால் அவன் அனுப்பும் ஆடியோவில் மட்டும் கணீரென்று அரபி கொட்டியது, தொண்டை எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. எவனோ பேசிக் கொடுக்கிறான், பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? பேச்சுத் தேர்வில் கையும் களவுமாகப் பிடித்து, படிப்பை விட்டே அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

தேர்வன்றும் அவன் கண் அவள் உதட்டுக்கே போயிற்று. அவள் கேள்வித்தாளை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அரபியில் கேட்டாள். பதில் இல்லை. ஆடியோவில் பேசுவது யாருடா என்று தமிழில் கேட்டாள். அதற்கும் இல்லை. அகப்பட்டுக்கொண்டான் திருடன் என்று புகார் எழுதப் பேனாவை எடுத்தாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், பேப்பர எறக்கிட்டு இன்னொருவாட்டி கேளுங்க. மில்லு சத்தத்துல காது போய்ட்ச்சி. இயர்போன ஃபுல்லா வெச்சாதான் கேக்குது. வெளிய சொல்லிடாதீங்க, வேலய உட்டுத் தூக்கிடுவாங்க.”

அப்போதும் நம்பாமல்தான் தாளை இறக்கினாள். கேள்வியை மெல்லக் கேட்டாள். உதட்டைப் பார்த்துக்கொண்டே அவன் பதில் சொன்னான். ஆடியோவில் கேட்ட அதே குரல். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அத்தனை சத்தம். சந்திரகலாவுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. அடிப் பாவி, காது கேளாத பிள்ளையையா கடைசி பெஞ்சுக்குத் துரத்தினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

எழுந்துபோனவன் கதவருகே நின்றான்.

“மேடம், இனிமே மொத பெஞ்சுல உக்காந்துக்கட்டா?”