ஜன்னல் வழியே ஏறிய தாலி

போன வாரம் சோழவந்தான் ஸ்டேஷனில் ஒரு தாலி ரயிலேறிப் போய்விட்டது. தனியாக!

அது வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன். தடித்த சுவர், வளைவு வளைவாக வாசல். வேறு ஊராக இருந்தால் நின்று ஃபோட்டோ எடுப்பார்கள். நமக்கு ஏது நேரம்? வண்டி வந்ததும் ஜன்னல் வழியே துண்டையோ பையையோ போட்டு சீட் பிடிக்க வேண்டாமா?

அன்றைக்கும் அப்படித்தான். பட்டு வேட்டியில் ஒருவர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மதுரை தல்லாகுளத்தில் கல்யாணம். வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய் ஒரு ஜன்னலில் மஞ்சள் பையைப் போட்டுவிட்டு, "எல்லாரும் வாங்க, சீட்டுப் போட்டாச்சு!" என்றார்.

"அண்ணே, இது திண்டுக்கல் போற வண்டி! மதுரை வண்டி அடுத்த பிளாட்பாரம்ணே!" என்று கத்தினேன். அவர் சுதாரிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"ஐயையோ... பைக்குள்ள தாலி இருக்கே!"

அவர் தங்கச்சி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டார். "ஒரு சீட்டுக்கு ஆசைப்பட்டு எம் மகன் கல்யாணத்தையே தூக்கிப் போட்டுட்டியேண்ணே!"

ஸ்டேஷன் மாஸ்டர் உடனே வாடிப்பட்டிக்கு ஃபோன் போட்டார். மற்றவர்கள் மதுரை வண்டியில் கிளம்ப, தாய்மாமன் ஓர் ஆட்டோவில் பாய்ந்தார். நானும் தொற்றிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை, சார்! வழியெல்லாம் அவர் வேண்டாத சாமியில்லை. அழகருக்கு மொட்டையே நேர்ந்துவிட்டார். கூட்ட வண்டி... கேட்பாரில்லாத பை... தப்புமா?

தப்பியது! வாடிப்பட்டியில் பை பத்திரமாக இருந்தது. உள்ளே தாலியும். மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பார்த்த எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அழுதது போதும், ஏறுங்கண்ணே. முகூர்த்தத்துக்குள்ள தல்லாகுளத்துல இறக்கி விடுறேன்" என்றார் ஆட்டோக்காரர். சொன்னபடி இறக்கியும் விட்டாராம்.

ஆட்டோ போனதும், பையை வண்டியிலிருந்து எடுத்துவந்த ஊழியரிடம் கேட்டேன். "இம்புட்டுக் கூட்டத்துல ஒருத்தரும் கை வைக்கலையா?"

"நீங்க வேற! பெட்டிக்குள்ள கால் வைக்க இடமில்ல. அந்த ஜன்னல் சீட்டு மட்டும் காலி. அம்புட்டுப் பேரும் நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. நான் பையத் தூக்குனதும் சண்டைக்கே வந்துட்டாங்க சார், 'யோவ், சீட்டுக்காரரு வருவாரு, வையிய்யா பைய!'ன்னு."