வெர்னாவின் வாயில் லிங்கனின் பேச்சு

வெர்னா ஹுடாக்குக்குக் குரல் வந்தது அப்பா வழியில். சுரங்கத்தின் இந்தக் கோடியில் அவர் கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். நிலக்கரித் தூசி நுரையீரலை அடைத்து அவர் போய்ச் சேர்ந்தபின், அண்ணன் எமில் படிப்பை விட்டுவிட்டு அதே சுரங்கத்தில் இறங்கினான். அம்மா சுசன்னா ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலில் வந்தவள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அவளுக்கு ஆங்கிலம்.

பென்சில்வேனியாவில் அவர்களுடைய ஊரான ஆஷ்பியில், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள் மே மாதக் கடைசியில் வரும். ஊரே கல்லறை மேட்டுக்கு ஏறும். பள்ளிப் பிள்ளை ஒருவர் முன்னால் வந்து, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிங்கன் பேசியதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூச்சுப் பிடித்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சு. பெரும்பாலான பிள்ளைகள் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

1966இல் அந்த முறை வெர்னாவுக்கு வந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் கையில் ஏந்திக் கொடுப்பதுபோலச் சொன்னாள். இங்கே மடிந்தவர்கள் வீணாக மடிந்துவிடவில்லை என்று உயிரோடிருக்கும் நாம் உறுதி கொள்வோம் என்ற இடம் வந்தபோது, கிழட்டுச் சுரங்கக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் தொப்பியைக் கழற்றினார்கள். எமில் முன்வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுசன்னா மட்டும் வரவில்லை. அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது.

மதியம் சாப்பாட்டு மேசையில் எமில் தங்கையைச் சீண்டினான்.

“அடியே, வீட்டுல நீ கத்தினா தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கும். அங்க மட்டும் அந்தக் குரல் எங்கேருந்துடி வந்துச்சு?”

“உனக்கென்ன தெரியும்? காதுல கரிதானே இருக்கு!”

அவன் சிரிக்கவில்லை. “இல்லடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நம்ம அப்பா எதுக்குச் செத்தாரு? யாரோ ஒரு முதலாளியோட கரிக்கு. செத்தா எதுக்காகச் செத்தோம்னு சொல்ல ஒண்ணு வேணும்ல?”

அடுத்த வாரம் அவன் பட்டாளத்தில் பெயர் கொடுத்தான். மறுவருடம் பனி உருகும் முன்பே, ராணுவ உடையில் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வியட்நாமில் எந்த இடம் என்று அவர்கள் சொன்ன பெயரை சுசன்னாவால் கடைசிவரை உச்சரிக்க முடியவில்லை.

அடக்கத்தின்போது பழைய படைவீரர் சங்கத் தலைவர் பேசினார். அவரும் அதே வரியில்தான் கொண்டுவந்து முடித்தார்: இவன் வீணாக மடியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் நல்லெண்ணத்தோடு, “போன வருஷம் உன் பொண்ணு சொன்னாளே, அதே வார்த்தைதான். அதைக் கேட்டுத்தான் எமில் சேர்ந்தானாம்” என்று சுசன்னாவின் காதில் சொன்னாள். சுசன்னா மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப உன் வாய்தான்டி அவனைக் கொண்டுபோச்சு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. ஆனால் வெர்னா எதையாவது சத்தமாக வாசித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். தேவாலயத்தில் வெர்னா பாட்டுக் குழுவிலிருந்து விலகினாள். வாயைத் திறக்காமல் செய்கிற வேலையாகப் பார்த்து, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கப் போனாள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் யாரிடமும் பேச முடியாது. அது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. தொழிற்சாலையும் ஒருநாள் மூடிற்று. பிறகு மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை. தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருடம் உப்பு, ரொட்டி, மழை என்று மட்டும் பேசிக்கொண்டு காலத்தைத் தள்ளினார்கள்.

சுசன்னா படுக்கையில் விழுந்தாள். இனி எழ மாட்டாள் என்று ஆகிவிட்ட ஒரு காலையில், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “அதைச் சொல்லு” என்றாள்.

“எதைம்மா?”

“தெரியாத மாதிரி கேக்காதே. அவன் எதைக் கேட்டுட்டுப் போனான்? நான் முழுசா ஒருநாளும் கேட்டதில்ல. எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

வெர்னா கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லி, அதையே அம்மாவின் ஸ்லோவாக் மொழியில் மாற்றிச் சொன்னாள். எல்லா மனிதரும் சமம் என்ற நினைப்பில் பிறந்த நாடு. அது நிலைக்குமா என்று சோதிக்கும் போர். நாங்கள் பேசுவதை உலகம் மறந்துவிடும், இவர்கள் செய்ததை மறக்காது. சில இடங்களில் சரியான வார்த்தை கிடைக்காமல் திணறினாள். சுசன்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் கடைசியில். “பாவிப் பய, அதான் போயிட்டான்.”

மன்னித்தாளா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. அந்த வாரமே சுசன்னா இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வந்த வெண்டல் டிராப் அப்போது படைவீரர் சங்கத் தலைவராக இருந்தார். “வெர்னா, உன்னை மாதிரி சொல்றதுக்கு இந்த ஊர்ல இன்னொருத்தி பொறக்கல. வருஷா வருஷம் பிள்ளைங்களை நீயே பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடேன்” என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். திடீரென்று ஒரு எண்ணம் பளிச்சிட்டது. சரி என்றாள்.

அன்றிலிருந்து அவள் செய்தது இதுதான்: வந்தவர்களில் மட்டமாகச் சொல்கிற பிள்ளை யார் என்று பார்த்து, அதற்கே முதலிடம் கொடுத்தாள். ஒரு வருடம் மூக்கால் பேசும் பையன். அடுத்த வருடம் பாதியில் மறந்துபோய் விழிக்கும் பையன். அந்தப் பேச்சு ஒருவர் நெஞ்சிலும் போய் ஏறக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டியது. ஊர் முணுமுணுத்தது.

“வெர்னாவுக்குக் காது போயிடுச்சா என்ன?” என்று டிராப்பே கேட்டுவிட்டார்.

“எனக்கு நல்லாத்தான் கேக்குது” என்றாள் அவள்.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுவருடம் டெஸ்ஸா மோயர் என்ற பெண் வந்தாள். ஒல்லி. நிமிர்ந்து பார்க்க மாட்டாள். சொல்வது முதல் நாற்காலியைத் தாண்டாது. வெர்னா தயங்காமல் அவளைத் தேர்ந்தெடுத்தாள். கல்லறை மேட்டில் அந்தப் பெண் தன் காலணியைப் பார்த்தபடி முனகினாள். வெர்னா நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தால், டிராப் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அழறீங்க? ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சா?”

“விழணுமா என்ன? வார்த்தை நமக்குத் தெரிஞ்சதுதானே. அவ வாயசைக்க ஆரம்பிச்சதும் போர்ல செத்த என் தம்பி ஞாபகம் வந்துடுச்சு.”

வெர்னா சுற்றிலும் பார்த்தாள். பாதிப் பேர் கண் கலங்கி நின்றார்கள். அப்படியானால் தன் வாய்க்கு இதில் பங்கே இல்லையா? கழுதை கத்தியிருந்தாலும் எமில் போயிருப்பானா? நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கவேண்டிய நேரம் அது. ஆனால் இதைச் சொல்லலாமென்றால், முப்பது வருடம் தன்னிடம் முகம் கொடுக்காத அம்மா மண்ணுக்குள் இருந்தாள். பாரம் இறங்கவில்லை, இடம்தான் மாறிற்று.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டெஸ்ஸா வெர்னாவின் வீடு தேடி வந்தாள். முகத்தில் புதுக் களை.

“மிஸ், நான் ராணுவத்துல சேர்ந்துட்டேன். முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லணும்னு வந்தேன்.”

“ஏன்டி? யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல மிஸ். இதுவரைக்கும் எதுக்கும் என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்ல. நீங்கதான் எடுத்தீங்க. உங்க பேரைக் கெடுக்கக்கூடாதுன்னு காலையில, மத்தியானம், குளிக்கிறப்ப எல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வெளியிலதான் சரியா வரல. உள்ள நல்லா இறங்கிடுச்சு.”

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எமிலைப் பற்றிச் சொன்னாள். மட்டமாகச் சொன்னதற்காகத்தான் உன்னை எடுத்தேன் என்பதைக்கூடச் சொல்லிவிட்டாள். டெஸ்ஸாவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும், “பரவாயில்ல மிஸ், கையெழுத்துப் போட்டாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஈராக்கில் சாலையோரம் வெடித்த குண்டு அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிற்று. உயிரோடு ஊர் திரும்பினாள். கல்லறை மேட்டு விழாவில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வெர்னா பொறுப்பை டிராப்பிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, விழாவுக்கும் போகாமல் இருந்துகொண்டாள்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் மனம் கேளாமல், சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு டெஸ்ஸாவைப் பார்க்கப் போனாள். அவள் சோபாவில் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. வெர்னா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“எதுக்கு மிஸ் இப்படி நிக்கிறீங்க, உக்காருங்க” என்றாள் டெஸ்ஸா. “உங்க மேல எனக்குக் கோபமே இல்ல.”

வெர்னா உட்காரவில்லை.

“கொஞ்சமாவது கோபப்படேன்டி” என்றாள்.