வராதவன்ரை கூறு

நாலாம் வகுப்போடு நின்று மூன்று மீன்பிடி வள்ளம் கட்டினவன் நான். குருநகரில் மறைக்கல்வி மண்டபமும் என்ரை உழைப்புத்தான்.

நேற்று அங்கே ஒரு சின்னப்பெட்டை உங்களிட்டைக் கேட்டாள்: "சிஸ்டர், சொல்வழி கேளாட்டிலும் ஆண்டவருக்கு எங்களிலை விருப்பமோ?" அந்நேரம் யன்னலால் பச்சைமீன் மணம் வந்தது.

பத்து வயதில், அப்பா வலை இழுக்கக் கூப்பிட்ட நாள் ஒளித்துப் பட்டம் விடப் போனேன். திரும்பி வர, மீன் பங்கிட்டு முடிந்திருந்தது. ஒரு கூறு மட்டும் மணலில் கிடந்தது. பக்கத்தில் அப்பா காகம் கலைத்துக்கொண்டிருந்தார்.

"வராதவனுக்கும் பங்கோ அண்ணை?" சித்தப்பா நக்கலடித்தார்.

"ஓம். அவன் என்ரை பிள்ளையெல்லே."

அந்த மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினேன். இன்றைக்கும் நற்கருணை வாங்கும்போது அதே மாதிரித்தான் கையேந்துவேன்.

சிஸ்டர், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. ஆனால் சொல்வழி கேளாத அந்தப் பொடியன் நான்தான் என்று பேரோடு சொல்லவேணும்.