முதுகுக்கு இரும்பு

எங்கள் சமஸ்தானத்துப் பட்டாளம் அப்போது எந்தச் சண்டைக்கும் போகவில்லை. ஆனாலும் அதற்குக் குண்டு துளைக்காத சட்டை வாங்கலாமா வேண்டாமா என்று நெய்யூர்ச் சந்தையில் ஒரு மாதமாக வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் சட்டையை விற்க வந்த வியாபாரியே, ஊரார் முன்னால் சோதித்துக் காட்டுகிறேன் என்று அறுவடை முடிந்த எங்கள் வயலுக்கு வந்துவிட்டார்.

சட்டையின் முன்பக்கம் முழுக்க இரும்புத் தகடு. அதை ஒரு வாழையில் மாட்டி, காட்டுப்பன்றி சுடும் துப்பாக்கியால் சுட்டார்கள். தகடு குழிந்தது, ஓட்டை விழவில்லை. ஒரே கைதட்டல். வியாபாரி சட்டையைத் தானே போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினார்.

ஜெர்மன் சண்டைக்குப் போய் வந்த என் சித்தப்பா மட்டும் கேட்டார்: "முதுகுக்கு இரும்பு எங்க வேய்?"

"நம்ம பட்டாளத்துக்காரன் முதுகக் காட்டமாட்டான் அண்ணாச்சி" என்றார் வியாபாரி.

அதற்கும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்களில் ஒருவரும் இல்லையே!

வெடிச்சத்தத்தில் மிரண்டு நின்ற எங்கள் காளை அந்த நேரம் பார்த்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. பளபளத்த தகட்டைக் கண்டதும் நேரே அவரிடம் பாய்ந்தது. வியாபாரி திரும்பி ஓடினார். காளை பின்னாலேயே போய், அவரை அலாக்காகத் தூக்கி வைக்கோல் படப்பின் மேல் போட்டது.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சித்தப்பா அவரை இறக்கிவிடக் கை நீட்டினார். வியாபாரி வாயிலிருந்த வைக்கோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"பின்னாலயும் ஒரு தகடு வச்சிரலாம் அண்ணாச்சி. கொஞ்சம் கீழ வரைக்கும்."